இதழைப் படித்துவிட்டு அனுப்புங்கள்

2025 பிப்ரவரியில், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் பட்டியல், யுஜிசி-கேர் பட்டியல், நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு, டெல்லியில் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் மேசைக்கு வரும் கேள்வியே மாறிவிட்டது. முன்பெல்லாம் "மேடம், இந்த ஜர்னல் லிஸ்ட்ல இருக்கா?" என்று கேட்பார்கள். தேடிப் பார்த்து இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது "இந்த ஜர்னல் நல்லதா?" என்று கேட்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். இதற்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும், உட்கார்ந்து பேச வேண்டும். பேசலாம்.

எல்லாத் துறைகளைப் பற்றியும் எழுத எனக்குத் தகுதியில்லை. என் துறை நூலக அறிவியல். அந்தத் துறையில் பிஎச்டி செய்கிற பிள்ளைகளுக்கும், கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பேப்பர் எழுதுகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். ஊரில் உள்ள மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் எந்த இதழுக்கு அனுப்பலாம், எதற்கு அனுப்பக் கூடாது என்று வழி காட்டுகிறவர்கள் நாம். நம்முடைய சொந்தப் பேப்பரை எங்கே அனுப்புவது என்பதில் நாம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால், நாளைக்கு நம் மேசைக்கு வருகிற இயற்பியல் மாணவருக்கு என்ன முகத்தோடு ஆலோசனை சொல்வது?

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010இல் கல்லூரி ஆசிரியர்களின் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் யுஜிசி மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. ஏபிஐ என்பார்கள். பேப்பருக்கு இத்தனை மதிப்பெண், கருத்தரங்குக்கு இத்தனை என்று கணக்கு. மதிப்பெண் தேவைப்பட்ட இடத்தில் அதை விற்கிற கடைகளும் முளைத்தன. அதைக் கட்டுப்படுத்த 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் வந்தது. அந்தப் பட்டியலுக்குள்ளும் கடைக்காரர்கள் புகுந்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து உள்ளே வந்த இதழ்களில் 1,009ஐ எடுத்து ஆராய்ந்த புனே ஆய்வாளர்கள், அவற்றில் 88 சதவீதத்துக்கும் மேல் தேறவில்லை என்று 2018இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் யுஜிசி 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு புனே பல்கலைக்கழகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு கேர் பட்டியல் வந்தது. அதுவும் இப்போது இல்லை. இதழை மதிப்பிடும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமும் ஆராய்ச்சியாளர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. எப்படி மதிப்பிடலாம் என்பதற்கு யுஜிசி சில அளவுகோல்களைச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் பலருக்குக் கோபம். "இத்தனை வருஷம் லிஸ்டைக் காட்டிப் பழக்கிவிட்டு இப்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டியல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பட்டியல் இருந்தவரை நம்மில் பெரும்பாலோர் இதழைத் திறந்துகூடப் பார்க்காமல் பேப்பரை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

நூலக அறிவியலில் ஆய்வு செய்கிற ஒரு பெண் சில மாதங்களுக்கு முன்பு என்னிடம் வந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். டெல்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் என்ன வாசிக்கிறார்கள், அதற்குப் பள்ளி நூலகம் என்ன செய்கிறது என்பது அவள் தலைப்பு. இங்கே டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன, ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. பிள்ளைகளோடும் பெற்றோரோடும் நூலகர்களோடும் பேசி நல்ல தரவு சேர்த்திருந்தாள். கையில் போனோடு வந்தவள், "அக்கா, இந்த ஜர்னல்காரங்க மெயில் பண்ணியிருக்காங்க, பேப்பரை உடனே அனுப்பச் சொல்றாங்க. பீஸ் நாலாயிரம்தான். கட்டிடட்டுமா?" என்றாள்.

மெயிலில் அவள் பெயருக்கு முன்னால் ‘மதிப்புக்குரிய பேராசிரியர்’ என்று போட்டிருந்தது. அவள் இன்னும் ஆய்வேடே சமர்ப்பிக்கவில்லை. துறை அறிந்தவர்கள் பேப்பரைப் படித்துக் கருத்துச் சொல்லும் ரிவ்யூ மூன்று நாளில் முடிந்துவிடும், ஒரு வாரத்தில் வெளியாகிவிடும், சான்றிதழும் தருவோம் என்றிருந்தது. "உட்காரும்மா, சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

முதலில் ஐஎஸ்எஸ்என் எண்ணை எடுத்தோம். பலரும் இந்த எண்ணைத் தர முத்திரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. தொடர்ந்து வெளியாகும் வெளியீட்டை அடையாளம் காட்டுவதற்கான எட்டு இலக்க எண், அவ்வளவே. சினிமாப் பத்திரிகைக்கும் அது உண்டு. இந்தியாவில் இதைக் கொடுக்கும் தேசிய மையம் இதே டெல்லியில் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் நிஸ்சிபிஆர் நிறுவனத்தில் இருக்கிறது. கேட்டு விண்ணப்பித்தால் எண் கிடைக்கும், உள்ளே என்ன அச்சாகிறது என்று யாரும் தரம் பார்ப்பதில்லை. ஆனால் போலியை ஓரளவு கண்டுபிடிக்க அந்த எண் உதவும். அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ‘அனல்ஸ் ஆஃப் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ்’ இதழின் அச்சு வடிவ எண்ணை வைத்து அவளுக்குப் போட்டுக் காட்டினேன்: 0972-5423. முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 0, 63, 42, 10, 20, 12, 4. மொத்தம் 151. அதை 11ஆல் வகுத்தால் மீதி 8. அந்த 8ஐ 11இலிருந்து கழித்தால் 3. எண்ணின் கடைசி இலக்கம் 3, சரியாக இருக்கிறது. கழித்தால் 10 வரும் எண்களில் கடைசி இடத்தில் எக்ஸ் எழுத்து நிற்கும்.

அவளுக்கு வந்த மெயிலில் இருந்த எண்ணும் இந்தக் கணக்கில் தேறியது. அவள் முகம் மலர்ந்தது. "இரு, இன்னும் முடியல" என்று ஐஎஸ்எஸ்என் தளத்தில் அதே எண்ணைத் தேடச் சொன்னேன். அந்த எண் வேறு தலைப்புள்ள வேறொரு இதழுடையது. நின்றுபோன இதழின் எண்ணை எடுத்து ஒட்டிக்கொள்வதும், நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துவதும் இன்று சர்வசாதாரணம். கணக்குப் போட்டால் எண்ணின் அமைப்பு சரியா என்று மட்டும் தெரியும். தளத்தில் தேடினால்தான் அது யாருடையது என்று தெரியும். இரண்டையும் செய்ய வேண்டும், அதற்குப் பைசா செலவில்லை.

அடுத்து பழைய இதழ்கள். ஒரே இதழில் ஹோமியோபதி, சிமென்ட் கலவை, சங்க இலக்கியம், நூலகத் தானியங்கி என்று எல்லாம் இருந்தன. இப்படி எல்லாத் துறையையும் அள்ளிப் போட்டுக்கொள்கிற இதழில் நூலக அறிவியல் பேப்பரை ரிவ்யூ செய்தது யார்? ஆசிரியர் குழுவில் நூலகத் துறை ஆள் ஒருவர்கூட இல்லை. கட்டுரையை இணையத்தில் நிரந்தரமாக அடையாளம் காட்டும் டிஓஐ என்று போட்டிருந்த எண்களில் சிலவற்றை அழுத்தினோம், எங்கேயும் போய்ச் சேரவில்லை. இம்பாக்ட் ஃபாக்டர் 7.8 என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இம்பாக்ட் ஃபாக்டர் என்பது ஓர் இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணக்கிட்டு, கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் தன் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் வெளியிடுவது. அந்தப் பெயரை ஒட்டிய மாதிரி வேறு பெயர் வைத்துக்கொண்டு காசுக்கு எண் விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இதிலெல்லாம் என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. அவர்கள் வெளியிட்டிருந்த கட்டுரைகளில் ஒன்று கிராமப்புற நூலகம் பற்றியது. திறந்து படித்தோம். கட்டுரை மோசமில்லை. உழைத்துத் தரவு எடுத்து எழுதியிருந்தார் யாரோ ஒருவர். அந்தக் கட்டுரையை இனி யாரும் தேடி எடுக்கப் போவதில்லை. நல்ல தரவுத்தளம் எதிலும் அது ஏறாது. அந்தத் தளம் ஒருநாள் மூடப்பட்டால் கட்டுரையும் அதோடு போகும். போலி இதழ்களால் காசு போகிறது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஒரு வருட உழைப்பு யார் கண்ணிலும் படாமல் புதைந்துபோவதுதான் உண்மையான இழப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்குப் பேப்பரை அனுப்பிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டால், திரும்பப் பெறவும் கட்டணம் கேட்பார்கள். அது முடியாமல் வேறு இதழுக்கு அனுப்பினால் ஒரே பேப்பரை இரண்டு இடத்துக்கு அனுப்பிய குற்றம் நம் தலையில் விழும்.

காசுக்காக ஒழுங்கான ரிவ்யூ இல்லாமல் வெளியிடும் இப்படிப்பட்ட கொள்ளை இதழ்களை முதலில் பட்டியலிட்டு உலகத்துக்குக் காட்டியவர் ஒரு நூலகர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அமெரிக்காவின் கொலராடோ டென்வர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெஃப்ரி பீல். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை அவர் எடுத்துவிட்டார். தனி ஒருவர் தீர்ப்புச் சொல்வதில் உள்ள குறைகள் அதிலும் இருந்தன, ஆனாலும் அவர் எழுப்பிய கேள்விகள் இன்றும் நிற்கின்றன. போலியை ஒதுக்குவது மதிப்பீட்டின் முதல் படி மட்டும்தான். போலி இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரமமான வேலையே தொடங்குகிறது. நேர்மையான இதழ்கள் பல இருக்கின்றன. என் பேப்பருக்கு எது பொருத்தம்?

இந்த இடத்தில் பெரும்பாலான கைடுகள் சொல்லும் பதில் "ஸ்கோபஸ்ல இருக்கிறதாப் பாரு" என்பது. அதோடு பேச்சு முடிந்துவிடும். ஸ்கோபஸ் என்பது ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைத் திரட்டித் தரும் தரவுத்தளம். அதில் இருப்பது நல்லதுதான், தேடுகிறவர் கண்ணில் பேப்பர் படும். ஆனால் அங்கே ஏறிய இதழ் என்றென்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. தரம் குறைந்தால் எடுத்துவிடுகிறார்கள். அனுப்பும்போது இருந்த இதழ் அச்சாகும்போது இல்லாமல் போய் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். அதில் இதழின் பெயருக்கு நேரே எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று இருக்கும். முகப்பில் இதழ்க்காரர்களே போட்டிருக்கும் சின்னத்தை நம்பாமல் அங்கே போய்ப் பாருங்கள்.

இம்பாக்ட் ஃபாக்டரைப் பற்றியும் நம் துறைக்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு எத்தனை சைட்டேஷன், அதாவது மற்ற கட்டுரைகளில் மேற்கோள், கிடைத்தது என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. உயிரியல் மாதிரி வேகமாக ஓடும் துறைகளில் இரண்டு ஆண்டுக் கணக்கு ஏதோ ஒன்றைச் சொல்லும். நம் துறை மெதுவாக நகர்வது. அதைவிட முக்கியமானது, நம் பேப்பரைப் படித்துப் பயன்படுத்துகிறவர்களில் பெரும் பகுதியினர் பேப்பர் எழுதாதவர்கள். ஒரு பள்ளி நூலகர் நம் கட்டுரையைப் படித்துவிட்டு அலமாரியை மாற்றி அடுக்கினால், வாசிப்பு நேரத்தைக் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றினால், அது எந்தச் சைட்டேஷன் கணக்கிலும் ஏறாது. ஆனால் அந்தக் கட்டுரை எழுதப்பட்டதே அதற்காகத்தான்.

நம் நாட்டு நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அலமாரியில் இருக்கிற நூலுக்கு அதைச் சொன்னார். பேப்பருக்கும் அது அப்படியே பொருந்தும். இந்தப் பேப்பருக்கு வாசகர் யார், அவர் கைக்கு எந்த இதழ் போய்ச் சேர்கிறது? இதழை மதிப்பிடும்போது என் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். தரவரிசை அதற்குப் பிறகு.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன், 1947இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையம் 1952இல் இங்கே தொடங்கியது. அது 1954இல் ‘அனல்ஸ் ஆஃப் லைப்ரரி சயின்ஸ்’ என்ற இதழைக் கொண்டுவந்தபோது முதல் ஆசிரியர் அவர்தான். அதுதான் பெயர் மாறி இன்று ‘அனல்ஸ் ஆஃப் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ்’ என்று வருகிறது. நடத்தும் நிறுவனமும் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்ஸ்டாக் 2002இல் நிஸ்கேர் ஆனது, நிஸ்கேர் 2021இல் நிஸ்சிபிஆர் ஆனது. பூசா வளாகத்தில் அந்த அலுவலகம் இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் பெயர், வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனசுக்கு நிறைவாக இருக்கும்.

பெருமையை வைத்து இதழைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது, "போன ரெண்டு வருஷத்து இதழ்களை எடுத்துப் படி" என்பதுதான். ‘அனல்ஸ்’ காலாண்டிதழ், நிஸ்சிபிஆரின் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுதுகிறவரிடமும் காசு வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. உலகில் கட்டணத்தைப் பற்றி எவ்வளவோ பேச்சு நடக்கும் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. டெல்லியிலேயே மெட்கால்ஃப் ஹவுஸில் இருக்கும் டெசிடாக், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆவண மையம், வெளியிடுகிற ‘டெசிடாக் ஜர்னல் ஆஃப் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி’யும் அப்படித்தான், காசு கிடையாது. அதன் பேப்பர்களில் எப்போது வந்தது, எப்போது திருத்தப்பட்டது, எப்போது ஏற்கப்பட்டது என்று தேதிகள் அச்சாகியிருக்கும். பத்துப் பேப்பரின் தேதிகளை எடுத்துத் தாளில் எழுதிப் பார்த்தால் எத்தனை மாதம் ஆகும் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் கெடு தலைக்கு மேல் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். 2022 விதிகளில் பிஎச்டிக்கு முன் பேப்பர் வெளியாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டாலும், கேட்கிற பல்கலைக்கழகங்கள் இன்னும் இருக்கின்றன.

பெங்களூரில் ரங்கநாதன் 1964இல் தொடங்கிய இதழ் இன்று ‘ஸ்ரெல்ஸ் ஜர்னல் ஆஃப் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட்’ ஆகியிருக்கிறது. கொல்கத்தாவில் ‘ஐயாஸ்லிக் புல்லட்டின்’, இங்கே டெல்லி நூலகச் சங்கத்தின் ‘லைப்ரரி ஹெரால்ட்’. ஒவ்வொன்றுக்கும் தனி முகம். படித்தால்தான் தெரியும்.

படித்துவிட்டு அவள் வந்து சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை. "அக்கா, பாதிக்கு மேல பிப்ளியோமெட்ரிக்ஸ்தான். யார் எத்தனை பேப்பர் எழுதினாங்க, எத்தனை சைட்டேஷன்னு எண்ணுறதுதான். பள்ளி நூலகம் பத்தி ரொம்பக் குறைவு." நம் நாட்டு நூலக அறிவியல் இதழ்கள் பற்றிய என் பெரிய ஆதங்கமும் இதுதான். சைட்டேஷன் எண்ணும் ஆய்வு தேவைதான், நல்லதும் வருகிறது. ஆனால் தரவுத்தளத்திலிருந்து இறக்கி, மென்பொருளில் ஓட்டி, வண்ணப் படம் எடுத்து ஒட்டினால் பேப்பர் தயார் என்ற வசதி வந்துவிட்டதால், வெயிலில் அலைந்து வாசகரைச் சந்தித்து எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இதழ்களைக் குற்றம் சொல்லி என்ன? வருவதிலிருந்துதானே அவர்கள் தேர்ந்தெடுக்க முடியும்? அவளிடம், "குறைவா இருக்குன்னா வேண்டாம்னு அர்த்தம் இல்ல. இதழோட நோக்கத்துல பள்ளி நூலகம் அடங்குதான்னு பாரு. அடங்கினா உன் பேப்பர் அங்க தனியாத் தெரியும்" என்றேன்.

வெளிநாட்டு இதழ்கள் என்றால் நம் பிள்ளைகளுக்கு இரண்டு எண்ணம். ஒன்று, அங்கே நம்மை எடுக்க மாட்டார்கள். இன்னொன்று, லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். இரண்டும் முழு உண்மையில்லை. அமெரிக்கக் கல்லூரி நூலகச் சங்கம் 1939 முதல் நடத்தும் ‘காலேஜ் அண்ட் ரிசர்ச் லைப்ரரீஸ்’ 2011இலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது, எழுதுகிறவருக்கும் கட்டணமில்லை. பெரிய பதிப்பகங்களின் சந்தா இதழ்களிலும், யாரும் காசில்லாமல் படிக்கும் திறந்த அணுகல் வேண்டும் என்று நாம் கேட்டால்தான் டாலரில் கட்டணம். சாதாரண வழியில் வெளியிட்டால் பெரும்பாலும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அப்போது படிப்பது யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும், 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆய்வகங்களுக்கும் அது பெரிய வரம். பள்ளி நூலகருக்கு அதில் இடமில்லை. 1951இல் நேரு திறந்துவைத்த டெல்லி பொது நூலகம் போன்ற இடங்களில் தினமும் வாசகர்களைச் சந்திக்கிற ஊழியருக்கும் இல்லை. அவர்களைப் பற்றி எழுதிய பேப்பரை அவர்களே படிக்க முடியாத இடத்தில் வெளியிடுவது எனக்கு உறுத்துகிறது.

அதற்கும் வழி இருக்கிறது, ஒப்பந்தத்தைப் படித்தால். பேப்பர் ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் பதிப்புரிமைப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். பல சந்தா இதழ்கள், ரிவ்யூ முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதியை, அவர்கள் வடிவமைத்த பக்கங்களை அல்ல, களஞ்சியத்தில் போட அனுமதிக்கின்றன. சிலது உடனே, சிலது சில மாதங்கள் கழித்து. நம் துறைக்கென்றே 2003 முதல் ‘இ-லிஸ்’ என்ற திறந்த களஞ்சியம் இருக்கிறது. ஒப்பந்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் துறையிலேயே ஒரு சம்பவம் உண்டு. 2013 மார்ச்சில் ‘ஜர்னல் ஆஃப் லைப்ரரி அட்மினிஸ்ட்ரேஷன்’ இதழின் ஆசிரியர் குழு மொத்தமும் பதவி விலகியது. எழுதுகிறவர்களிடம் பதிப்பகம் வாங்கும் ஒப்பந்தம் மிகவும் இறுக்கமாக இருக்கிறது, தளர்வான உரிமம் வேண்டுமென்றால் கட்டுரைக்கு 2,995 டாலர் என்கிறார்கள், இதைக் காட்டி நல்ல கட்டுரைகளை எங்களால் கேட்டு வாங்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். தங்கள் பெயர் அட்டையில் இருக்கும் பெருமையைவிட எழுதுகிறவரின் உரிமை பெரிது என்று நினைத்தவர்கள். ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்காமல் அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆசிரியர் குழுவைப் பற்றி இன்னொன்று. பெயர்களை எடுத்து, அவர்கள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் போய்த் தேடுங்கள். இந்த இதழின் குழுவில் இருப்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்களா? தெரியாமலே பெயரைப் போட்டுக்கொள்கிற இதழ்கள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஒரு மெயில் போட்டுக் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான பேராசிரியர்கள் பதில் போடுகிறார்கள்.

அந்தப் பெண் கடைசியில் ஓர் இதழை முடிவு செய்தாள். பேப்பர் பரிசீலனையில் இருப்பதால் பெயரைச் சொல்வது முறையாகாது. அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் என் அறையிலேயே உட்கார்ந்து திருத்தினாள். எழுதியவர் யாரென்று ரிவ்யூவருக்குத் தெரியக் கூடாது என்பது அந்த இதழின் விதி. முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வேர்ட் கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் ஒளிந்திருக்கும், அதை நீக்க வேண்டும். ‘நாங்கள் முன்பு எழுதிய கட்டுரையில்’ என்ற வரி இருந்தால் அதுவும் காட்டிக்கொடுத்துவிடும். நன்றியுரையில் கைடு பெயர், நிதி கொடுத்த நிறுவனத்தின் பெயர் எல்லாம் தனிக் கோப்பில் போக வேண்டும். மேற்கோள் பட்டியலை அந்த இதழின் பாணிக்கு மாற்றினாள். இதில் சோம்பல்பட்டால், இதழைப் படிக்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்று எடிட்டருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

போன வாரம் ரிவ்யூ வந்தது. இரண்டு பேர் படித்திருக்கிறார்கள். ஒருவர் அரைப் பக்கம், இன்னொருவர் நாலு பக்கம். நாலு பக்கக்காரர் அவள் கேள்வித்தாளின் ஆறாவது கேள்வியை எடுத்துக்கொண்டு, ‘வீட்டில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா’ என்று கேட்டால் பாடப்புத்தகத்தையும் பஞ்சாங்கத்தையும் சேர்த்துத்தானே ஆம் என்பார்கள், கதைப் புத்தகத்தைத் தனியாகக் கேட்டீர்களா என்று எழுதியிருந்தார். தமிழ் வீட்டை அறிந்தவர் யாரோதான் படித்திருக்க வேண்டும். போன் போட்டு அதை வாசித்துக் காட்டியவளுக்குக் குரல் நடுங்கியது, பயத்தில் இல்லை. "அக்கா, நிஜமாவே படிச்சிருக்காங்க" என்றாள்.

கதைப் புத்தகம் பற்றித் தனியாக அவள் கேட்கவில்லை. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரத்தில் சில வீடுகளுக்குத் திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வரப் போகிறாள். திருத்தம் அனுப்ப எட்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.